சைபர்னா சைபர்தான்

அந்த எருமைகளைத் தானம் கொடுத்த கம்பெனிக்காரன் மட்டும் அன்றைக்குக் கையில் அகப்பட்டிருந்தால், ஸ்டோரக்கா அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள்.

எருமை என்றால் பால் கறக்கிற எருமை இல்லை. கம்ப்யூட்டர்தான். ஒரு காலத்தில் எங்கேயோ பாலத்துக்கும் கப்பலுக்கும் படம் வரைந்து தள்ளிய பன்னிரண்டு ஒர்க்ஸ்டேஷன்கள். கருஞ்சாம்பல் நிறம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் நகரும். ஆன் செய்தால் ஃபேன் விடுகிற மூச்சில் மேஜைமேல் இருக்கிற காகிதம் பறக்கும். கம்பெனிக்காரன் புதுசு வாங்கியதும் பழசை இந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தின் தலையில் கட்டிவிட்டு, கைகுலுக்கி ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். போவதற்கு முன்னால் பாதுகாப்பாம், டிஸ்க்கையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டான். ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாத கம்ப்யூட்டர் எதற்கு ஆகும்? மேலே பூச்சாடி வைக்கலாம், அவ்வளவுதான்.

இந்தப் பூச்சாடி ஸ்டாண்டுகளை வைத்துக்கொண்டு மாலை வகுப்பு நடத்திக் காட்டுகிறேன் என்று முதல்வர் அறையில் நின்று சொன்னவள் ஸ்டோரக்கா. சும்மா சொல்லவில்லை, மேஜையைத் தட்டிச் சொன்னாள். அவளுக்கு வேறு எதிரியே வேண்டாம், அந்த வாய் போதும்.

முதல்வருக்கு ‘பார்க்கலாம் சார்’ என்று பெயர். லீவு கேட்டாலும் பார்க்கலாம், குழாய் ஒழுகினாலும் பார்க்கலாம், கூரை பெயர்ந்து அவர் தலையிலேயே விழுந்தாலும் முதலில் பார்க்கலாம் என்றுதான் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனுஷர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

"முதல் வகுப்புக்கு முன்னாடி பன்னிரண்டும் ஓடணும். ஒண்ணு ஓடலைன்னாலும் மொத்தத்தையும் இரும்புக்கடைக்குப் போட்டுருவேன். ரூம் தச்சுப் பட்டறைக்குப் போயிடும். நீங்க பழையபடி ஸ்டோருக்குப் போயிடலாம்."

"ஒண்ணு ரெண்டு ஓடலைன்னா என்ன சார்?"

"பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்காங்க. அந்த ஒருத்தரை மட்டும் நிக்க வெச்சா பாடம் நடத்துவீங்க?"

நியாயமான கேள்விதான், தொலையட்டும்.

ஸ்டோர் என்பது கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சாக்பீஸ், துடைப்பம், பினாயில், கால் உடைந்த நாற்காலி. கல்யாணம் ஆகி வந்த புதிதிலிருந்து அங்கே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் துடைப்பம் எடுத்துக் கொடுத்தவள் அவள். அதற்கு நடுவிலேயே படித்து, பரீட்சை எழுதி, லேப் பொறுப்பாளர் என்ற பதவியை வாங்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாள். ஏறி வந்தும் என்ன, எல்லோரும் இன்னமும் ஸ்டோரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகிறது, ஆள் திரும்ப அந்த அறைக்குள் போகக் கூடாது.

ஆக, முதல் வகுப்பு இன்றைக்கு ஆறு மணிக்கு. மத்தியானச் சாப்பாடு முடிந்தும் பன்னிரண்டில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

துணைக்கு இருந்தது அவளுடைய கொழுந்தன். ஆபீஸ் ஆபீஸாகப் போய் நெட்வொர்க் ஒயர் இழுக்கிறவன். இன்றைக்கு அவனுக்கு விடுமுறை. படம் பார்க்கப் போக இருந்தவனை வாசலிலேயே மடக்கிப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

"அண்ணி, நான் ஒயர் போடுறவன். எருமைக்கு வைத்தியம் பாக்குறவன் இல்ல."

"ஒயர்லதான்ப்பா வைத்தியமே. பேசாம வா."

அது உண்மை. இந்த எருமைகளுக்கு சிடி போட வாய் கிடையாது, பென் டிரைவ் செருக இடம் கிடையாது. முதுகில் நெட்வொர்க் ஒயர் மாட்டுகிற துளை ஒன்றுதான் உண்டு. போட வேண்டியதை எல்லாம் அந்த வழியாகத்தான் போட்டாக வேண்டும். அதற்காக அவள் தன் சொந்த மேஜைக் கம்ப்யூட்டரையே சர்வராக மாற்றி அறையின் நடுவில் வைத்திருந்தாள். முறை இதுதான்: ஆன் செய்ததும் எருமை ஒயருக்குள் ‘நான் யாரு?’ என்று ஒரு குரல் கொடுக்கும். துடைத்த டிஸ்க், பாவம், அதற்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. சர்வர் அதற்கு ஒரு நம்பர் சொல்லும். எருமை அந்த நம்பரைத் தன் பாஷையில் எட்டு எழுத்தாக மாற்றிக்கொண்டு, ‘அப்படின்னா இந்தப் பேர்ல எனக்கு ஒரு ஃபைல் இருக்கணுமே, குடு’ என்று கேட்கும். அந்த ஃபைல் கிடைத்துவிட்டால் போதும், மீதியை அதுவே இழுத்துப் போட்டுக்கொள்ளும்.

‘நான் யாரு’ வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நம்பரும் வாங்கிக்கொண்டது. ஃபைல் கேட்கும்போதுதான் சர்வர் கையை விரித்தது. ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை.’

"இல்லையா? கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று ஸ்டோரக்கா சர்வரைப் பார்த்துக் கத்தினாள். "இதோ இருக்கே! சி ஓ ஏ எட்டு... வரிசையா பன்னிரண்டு பேரும் இருக்காங்களே!"

இருந்தார்கள். காலையில் கொழுந்தன் ஒவ்வொரு நம்பராகப் போனில் தட்டி எட்டு எழுத்துப் பெயராக மாற்றி உரக்கப் படிக்க, அவள் அடித்து வைத்த ஃபைல்கள் அவை. ஸ்டோரக்கா கீபோர்டைக் குனிந்து பார்த்து அடிக்கிற ரகம் இல்லை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். காது கேட்டதை விரல் அடித்துவிடும், நடுவில் கண்ணுக்கு வேலை கிடையாது. சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்று எல்லோரும் தடுக்கி விழுகிற பள்ளம் ஒன்று இதில் உண்டு. அதுகூட அவளுக்குத் தெரியும், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில்தான் அடித்திருந்தாள். பிறகு எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஒயரை மாற்றினார்கள். சுவிட்சை மாற்றினார்கள். சர்வரை அணைத்துப் போட்டார்கள். ஃபைலை வேறு இடத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எருமை பவ்யமாக நான் யாரு என்று கேட்டு, நம்பர் வாங்கிக்கொண்டு, ஃபைல் இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டு அசையாமல் நின்றது. கொழுந்தன் ஒரு கட்டத்தில் மேஜைக்கு அடியிலேயே படுத்துவிட்டான்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இது வேலைக்கு ஆகாது."

"ஆகும்."

"ஸ்டோர்ல ஃபேன் இருக்கில்ல?"

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் மறுபடி எழுந்து ஒயரைச் சரிபார்க்கப் போனான்.

இதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். பழைய இரும்புக்கடைக்காரர் கயிறும் கையுமாக வந்து நின்றார். நல்ல கனத்த மனுஷர். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. எருமைகளைக் கண்ணாலேயே எடை போட்டார்.

"ஆறு மணிக்குத்தானே வரச் சொன்னாங்க?" என்றாள் அவள்.

"கீழ வண்டி நிறுத்த எடம் கெடைச்சுது, வந்துட்டேன். நீங்க பாருங்கம்மா, நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்." ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவராலும் முடியவில்லை. "என் மேல கோவப்படாதீங்க. கூப்பிட்டாங்க, வந்தேன். எனக்கென்ன உங்க மேல வஞ்சமா?"

கோபம் அவர் மேல் இல்லை. தன் மேல்தான். மேஜையைத் தட்டிப் பேசியது யார்? நாளைக்கு அந்தப் படியில் இறங்கிப் போகும்போது, என்ன ஸ்டோரக்கா, போன மச்சான் திரும்பி வந்தீங்களா என்று ஒருத்தன் கேட்பான். ஒருத்தனா, ஊரே கேட்கும். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டிலிருந்து போன். அத்தை. மாமியாரின் போனை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும், எடுக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கும். கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, தண்ணி மோட்டார் ஓடலை. தொட்டி காலி. மோட்டார் ரிப்பேர் பண்றவன் நம்பர் வாங்கி வெச்சிருக்கேன், நான் கூப்பிட்டா அவன் மதிக்கவே மாட்டேங்கறான். சின்னவன் பக்கத்துல இருந்தா எழுதிக்கச் சொல்லு."

"அம்மா, நாங்க இங்க உயிர் போற வேலையில இருக்கோம்" என்றான் கொழுந்தன்.

"இங்க தண்ணி போயிடுச்சு. எழுதுடா. ஒம்போது... எட்டு... சைபர்... சைபர்... ஏழு..."

"என்னம்மா நீ, இந்தக் காலத்துல யாராவது சைபர்னு சொல்லுவாங்களா? ஓன்னு சொல்லு, டபுள் ஓ."

"எதுக்குடா ஓ? ஓன்னு அழறதுக்கா? ஓங்கறது எழுத்துடா, நம்பர் இல்ல. சைபர்னா சைபர்தான். எழுதுறியா, இல்ல உங்க அண்ணன்கிட்ட சொல்லவா?"

கொழுந்தன் சிரித்தான். இரும்புக்கடைக்காரரும் சிரித்தார். ஸ்டோரக்கா சிரிக்கவில்லை. கீபோர்டின் மேல் கை அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி."

"என்ன அண்ணி?"

"காலையில நீ படிச்சியே, அதை மறுபடி படி."

"எதை?"

"முதல் எருமையோட பேரைப் படிடா!" டா போட்டே விட்டாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவனை அவள் டா போட்டதே இல்லை.

அவன் பயந்துபோய்ப் போனை எடுத்தான். "சி, ஓ, ஏ, எட்டு, ஓ, ஒண்ணு, ஓ, ஏ..."

"அதுல ஓ எழுத்தா, நம்பரா?"

அவன் போனை உற்றுப் பார்த்தான். "நம்பர். ஓ மட்டும்... வந்து... ஜீரோ அண்ணி."

எருமையின் பாஷையில் ஓ என்ற எழுத்தே கிடையாது. அதில் இருப்பது பத்து எண்ணும் ஏயிலிருந்து எஃப் வரை ஆறு எழுத்தும்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும், பரீட்சையிலேயே எழுதியிருக்கிறாள். ஆனால் எழுதியது மூளை. அடித்தது விரல். ஓ என்று காதில் விழுந்ததும் விரல் பாட்டுக்கு எழுத்து ஓ இருக்கிற சாவிக்குப் போய்விட்டது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பன்னிரண்டு பெயரிலும், பெயருக்கு இரண்டு இடத்துக்குக் குறையாமல். சர்வரின் பழைய திரையோ இரண்டையும் ஒரே கோழி போட்ட முட்டை மாதிரி காட்டுகிறது. சர்வர் காலையிலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு ஃபைல் இல்லவே இல்லை.

"அடப்பாவி!" என்றாள். "முட்டையை வெச்சுக்கிட்டு ஓன்னு சொன்னியேடா!"

"நீங்கதானே அடிச்சீங்க!"

"நீதானே படிச்சே!"

"ஏய், அங்க என்ன சத்தம்?" என்றது போன். "மோட்டார்க்காரன் நம்பர் எழுதியாச்சா இல்லையா?"

"அத்தை, நீங்க நல்லா இருக்கணும் அத்தை! மோட்டாரைக் கழட்டி நானே மாட்டறேன்!" என்று கத்திவிட்டு ஸ்டோரக்கா போனைக் கொழுந்தன் கையில் திணித்தாள். அந்தப் பக்கம் அத்தை, இவளுக்கு என்னடா ஆச்சு என்று விசாரிக்கிற சத்தம் கேட்டது.

முதல் ஃபைலின் பெயரை அழித்தாள். இந்தத் தடவை கீபோர்டைக் குனிந்து பார்த்து, டைப்ரைட்டிங் பரீட்சையில் பெயில் ஆனவள் மாதிரி ஒற்றை விரலால், ஒவ்வொன்றாகக் குத்தினாள். சி. சைபர். ஏ. எட்டு. சைபர். ஒண்ணு. சைபர். ஏ. எழுந்து போய் முதல் எருமையின் பொத்தானை அழுத்தினாள்.

நான் யாரு, என்றது எருமை. நம்பர் வாங்கியது. ஃபைல் கேட்டது.

ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் எண்கள் ஓடத் தொடங்கின. ஓடின, ஓடின, நிற்கவே இல்லை. உள்ளே டிஸ்க் கடகடவென்று மெல்லுகிற சத்தம் கேட்டது. இத்தனை மாதமாகச் செத்துக் கிடந்த எருமை அசைபோடுகிறது!

"எந்திரிச்சிருச்சு!" என்று கூவினாள். கொழுந்தன் போனைப் பிடித்தபடியே குதித்தான். இரும்புக்கடைக்காரர் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்.

அப்புறம் நடந்தது திருவிழா. கொழுந்தன் படித்தான், அவள் குத்தினாள். பழக்கதோஷத்தில் அவன் வாயில் ஓ வரும்போதெல்லாம் முக்காலியிலிருந்து இரும்புக்கடைக்காரர் "சைபர்! சைபர்!" என்று திருத்தினார். ஒவ்வொரு ஃபைலாகப் பெயர் மாறியது, ஒவ்வொரு எருமையாக எழுந்தது. ஃபேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விட, அறையில் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. ஒருவரும் பொறுக்கவில்லை. முதல் எருமை முழுசாக ஏறி முடித்து, நீலத் திரையில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டபோது ஸ்டோரக்காவுக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் நேரமில்லை, இன்னும் பதினொன்று இருந்தது.

பதினொன்றில் பத்து சமர்த்தாக ஏறின. கடைசி ஒன்று, மூலையில் இருப்பது, பாதியில் நின்றது. மறுபடி போட்டால் மறுபடி பாதியில் நின்றது. இது பெயர்த் தகராறு இல்லை. கொழுந்தன் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தான்.

"அண்ணி, ஒயர்ல ஒரு கோளாறும் இல்ல. மாட்டுற துளை தொளதொளன்னு இருக்கு. விரலால அழுத்திப் பிடிச்சா வேலை செய்யுது, விட்டா போயிடுது."

"அப்ப விடாத."

"எவ்வளவு நேரம்?"

"ஏறி முடியற வரைக்கும்."

"அண்ணி, எனக்கு இடுப்பு..."

"உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு நான் எத்தனை வருஷமா பிடிச்சுக்கிட்டு இருக்கேன்? நீ ஒரு அரை மணி நேரம் பிடி."

அவன் குந்தி உட்கார்ந்து, ஒயரை ஒரு கையாலும் எருமையை ஒரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். எண்கள் மறுபடி ஓடின.

முக்கால்வாசி ஏறியிருக்கும், பார்க்கலாம் சார் வந்துவிட்டார். பின்னாலேயே வகுப்புக்குச் சேர்ந்தவர்கள். ஒரு தையல்காரம்மா, வேலைக்குப் போன உடுப்பிலேயே வந்த டாக்ஸி டிரைவர், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். வாசலில் தயங்கி நின்றார்கள். முதல்வர் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரும்புக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் கயிற்றை முக்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாதப்பா என்கிற மாதிரி கூரையைப் பார்த்தார்.

மூலைக்கு வந்ததும் முதல்வர் நின்றார். மேஜைக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

"கீழ யாரு அது?"

"அது நெட்வொர்க் சார்" என்றாள் ஸ்டோரக்கா.

"நெட்வொர்க்குக்கு வேர்க்குமா?"

"கொஞ்சம் பழசு சார்."

திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. இது நின்றுவிட்டால் பதினொன்றும் சேர்ந்து போகும், அறை போகும், அவளும் படியிறங்கிப் போவாள். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாசலில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். கீழேயிருந்து மெல்ல ஒரு முனகல் வந்தது.

"விடாத தம்பி" என்றாள், உதடு அசையாமல்.

எண்கள் நின்றன. திரை கறுப்பாகியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்ஸி டிரைவர் "வந்துடுச்சு!" என்று சொன்ன பிறகுதான் திறந்தாள். நீலத் திரை. பெயர் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது, மற்ற பதினொன்றைப் போலவே.

"கையை எடுக்கலாமா?" என்றது மேஜை.

"எடுப்பா, ராசா!"

கையை எடுத்தான். திரை அப்படியே இருந்தது. இனி அதற்கு ஒயரும் வேண்டாம், யாரையும் நான் யாரு என்று கேட்கவும் வேண்டாம். வாசலில் நின்றவர்கள் அதற்குமேல் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை, உள்ளே வந்து ஆளுக்கொரு எருமைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். குழந்தை வைத்திருந்த பெண்ணுக்கு மூலை எருமை கிடைத்தது. கொழுந்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டான்.

முதல்வர் தொண்டையைச் செருமினார். கண்ணால் பார்த்தாலும் வாயால் கணக்குக் கேட்காமல் போகிற ஜாதி இல்லை அவர்.

"சரி, மொத்தத்துல எத்தனை ஓடலை?"

ஸ்டோரக்கா லேப் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மூன்று மாடிக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"சைபர், சார்!"

சாருக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. புருவம் மேலே போயிற்று.

"ஓ!" என்றார்.

"ஓ இல்ல சார்" என்றாள் ஸ்டோரக்கா. "சைபர்."